டிரம் பொண்ணு நான் இல்ல

“அந்த டிரம் பொண்ணு மட்டும் வரலன்னா இன்னிக்கு மேட்ச் சப்புன்னு போயிருக்கும்டி.”

கதவுகிட்ட நிக்கறாங்களே, நீல ஜெர்சி போட்ட ரெண்டு பொண்ணுங்க, அவங்க பேசினது உங்க காதுலயும் விழுந்திருக்கும். அதான் நீங்க என்னைத் திரும்பிப் பாத்தீங்க. அது நான் இல்லங்க. டிரம் என் மடியில இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா டிரம் பொண்ணு நான் இல்ல.

உங்க காலை இடிக்குதா? இப்படித் திருப்பி வெச்சுக்கறேன். நீங்க எங்க இறங்கணும்? பல்லாவரமா? நான் குரோம்பேட்டை. அப்ப நேரம் இருக்கு.

சாதாரணமா நான் ரயில்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். டிரம்மைப் பாத்ததும் நீங்களா கேட்டீங்க. பார்க் ஸ்டேஷன்ல ஒரு பூக்காரம்மா, “எந்தக் கோயில் திருவிழாம்மா?”ன்னு கேட்டாங்க. டிரம் இருந்தா எல்லாரும் வந்து பேசறாங்க. அப்ப அவளுக்கும் இப்படித்தான் எல்லாரும் பழக்கமாகியிருக்கணும். அவ பேச்சுத் திறமைன்னு நான் நினைச்சுட்டிருந்தேன்.

அவ யாருன்னா, ஷைனி. டிரம் பொண்ணு. எனக்கு அவ மேல ஒண்ணும் இல்லங்க, அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஹார்பர் எஃப்.சி. கேள்விப்பட்டிருக்கீங்களா? பரவாயில்ல, எங்க வீட்லயும் தெரியாது. நம்ம ஊரு ஃபுட்பால் டீம். சம்பளத்துக்கு ஆடறவங்க, டிவிலகூட காட்டுவாங்க. கிழக்கு ஸ்டாண்டுல மூணாவது வரிசை எங்க கூட்டம். டோமினிக் அண்ணன் துறைமுகத்துல கிரேன் ஓட்டறவர். பாஷா பாய்க்குப் புளியந்தோப்புல டயர் கடை. வரதன் சார் ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டையர் ஆனவர். இன்னும் சில பேர். வரதன் சார் பொண்ணும் நானும் ஒண்ணா எம்.எஸ்ஸி. விலங்கியல் படிச்சோம். அவகூட ஒரு நாள் வந்தேன். அவ கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா, நான் அங்கேயே தங்கிட்டேன்.

எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. சீசன் ஆரம்பிக்கறப்ப டோமினிக் அண்ணன் ஹெல்மெட்டைக் கழட்டி நீட்டுவார். உள்ள சீட்டு மடிச்சுப் போட்டிருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு பிளேயரோட நம்பர். உங்களுக்கு எந்த நம்பர் வருதோ, அந்த சீசன் முழுக்க அந்த ஆளுக்கு நீங்கதான் வக்கீல். மேட்ச் முடிஞ்சதும் கேட்டுக்கு வெளியில இருக்கற டீக்கடைல பஞ்சாயத்து கூடும். உங்க ஆள் கோல் போட்டாலும் சரி, சொந்த கோல் போட்டாலும் சரி, நீங்க அவருக்காக வாதாடியே ஆகணும். இன்னொருத்தர் ஆளைத் திட்டலாம், ஆனா அவருக்கு சாதகமா ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது அவங்க வக்கீலோட வேலை.

கடைசில கை தூக்கி ஓட்டு. யாரோட ஆள் ரொம்ப மோசம்னு தீர்ப்பாகுதோ, அந்த வக்கீல் இந்த டிரம்மை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். அடுத்த மேட்ச்சுக்குக் கொண்டு வந்து அவங்களேதான் அடிக்கணும். ஒரே பிளேயர் மேல தொடர்ந்து மூணு தீர்ப்பு விழுந்தா அடுத்த மேட்ச்ல அவருக்கு எதிரா தட்டி எழுதிப் பிடிப்போம். கிழக்கு ஸ்டாண்டு பிடிச்சா மொத்த மைதானமும் கூடச் சேர்ந்து கத்தும். போன வருஷம் ஒரு விங்கருக்கு, அதான் ஓரமா ஓடி ஆடறவருக்கு, பிடிச்சோம். சீசன் முடிஞ்சதும் கிளப் அவரை வெச்சுக்கல.

இன்னொரு விதியும் இருக்கு. ஓட்டுக்கு முன்னாடி யாராவது தானா வந்து டிரம்மைத் தூக்கிட்டா, என் ஆள்தான் மோசம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அன்னிக்கு ஓட்டே கிடையாது. ஆனா யாருங்க அப்படித் தூக்குவா? யாரும் தூக்கினதில்ல.

என் முதல் ரெண்டு சீசனும் எனக்கு ஒரே சீட்டு விழுந்துச்சு. மூணாம் நம்பர். ரெக்ஸ்லின். லெஃப்ட் பேக், இடது ஓரத்துல காவல் நிக்கறவன். அந்த இடத்துல ஆடறவனை யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாரும் பந்தைப் பாப்பாங்க. நான் அவனைப் பாத்தேன். பந்து இல்லாதப்ப அவன் என்ன பண்றான், த்ரோ எறியறதுக்கு முன்னாடி ஏன் ஜெர்சியில கையைத் துடைச்சுக்கறான், எதிராளி விங்கரை உள்பக்கம் விடாம வெளிப்பக்கமா எப்படி ஒதுக்கிட்டே போறான், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனா எனக்குக் கூட்டத்துல பேச வராது. பஞ்சாயத்துல என் முறை வந்தா வரதன் சார் காதுல சொல்வேன். அவர் டிக்கெட் கேட்கற குரல்ல, “குழலி என்ன சொல்றான்னா...”ன்னு ஆரம்பிப்பார். பாஷா பாய் கிண்டல் பண்ணுவார், “சார், சொந்த சரக்கைச் சேக்காம சொல்லுங்க.” என் முழுப் பேர் கார்குழலி. அங்க குழலி.

ஒரே ஒரு தடவை ரெக்ஸ்லின் மேல தீர்ப்பு விழுந்து இந்த டிரம் என்கிட்ட வந்துச்சு. அடுத்த மேட்ச்ல நான் அடிச்ச அடிக்கு டோமினிக் அண்ணன் டிரம் மேல காதை வெச்சுப் பாத்தார். “உள்ள யார்னா தூங்கறாங்களாம்மா?” எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. அவ்வளவுதான்.

இந்த சீசன் ஷைனி வந்தா. கன்யாகுமரிப் பக்கம், கடற்கரை ஊர். இங்க கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. முதல் நாளே, “எங்க ஊர்ல பள்ளிக்கூடம் போகாத பய உண்டு, பந்து விளையாடாத பய கிடையாதாக்கும்”னா. ஹெல்மெட்டுல கையை விட்டு எடுத்தா. மூணு.

“ரெக்ஸ்லினா! மக்கா, அவன் எங்க பக்கத்து ஊருல்லா!” பெஞ்சு மேலயே ஏறிட்டா.

எனக்கு வந்தது முப்பத்தொண்ணு. லெப்சா. ரிசர்வ் கோல்கீப்பர். ரெண்டு வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்கறவர். “குழலிக்கு இந்த வருஷம் லீவு”ன்னார் பாஷா பாய்.

ஷைனி அப்பவே என்கிட்ட வந்து, “எக்கா, ரெண்டு வருஷம் நீங்கதான அவனப் பாத்திருக்கீங்க. வேணும்னா மாத்திக்கலாம்”னு சொன்னா. நான், எனக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான்னு சொன்னேன். நீங்களே சொல்லுங்க, ஒருத்தி அப்படிச் சொன்னா இன்னொரு தடவை கேட்கணுமா வேணாமா? அவ கேட்கல. சரின்னு சீட்டைப் பர்ஸுல வெச்சுக்கிட்டா.

அப்புறம் என்கிட்டயே வந்து உக்காந்து அவனைப் பத்திக் கேட்டா. சொன்னேன். விங்கரை வெளிப்பக்கம் ஒதுக்கற விஷயம், ஜெர்சியில கை துடைக்கற விஷயம் எல்லாம் சொன்னேன். அடுத்த பஞ்சாயத்துலயே எடுத்து விட்டா. டீக்கடையே வாயைப் பொளந்துட்டுக் கேட்டுச்சு. அது போதாதுன்னு ஒவ்வொரு தடவையும், “இது நான் கண்டுபிடிச்சதில்ல, குழலியக்கா சொன்னது”ன்னு என் பேரை வேற இழுப்பா. எல்லாரும் உடனே என்னைத் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு அது பிடிக்காதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும். வேணும்னே பண்றது.

டிரம் விஷயத்துக்கு வர்றேன். சீசன் நடுவுல ஒரு எதிராளி ரெக்ஸ்லினைத் தாண்டிப் போய் கோல் போட்டான். தீர்ப்பு அவன் மேல. டிரம் ஷைனிக்கு. எனக்கு, இப்ப மாட்டினியாடின்னு இருந்துச்சு. சும்மா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அடுத்த மேட்ச்ல அவ அடிச்சா பாருங்க. ஊர்ல சர்ச் பேண்டுல அடிச்சிருக்காளாம், அதை அவ யார்கிட்டயும் சொல்லல. மேற்கு ஸ்டாண்டு எழுந்து நின்னு கை தட்டுச்சு. டிவிக்காரங்க கேமராவைத் திருப்பினாங்க. அதுக்கப்புறம் இவளுக்குப் பேரே டிரம் பொண்ணு. இவ்வளவு நாளா அது தண்டனைங்க. அவ கைக்குப் போனதும் பட்டமாயிடுச்சு.

அன்னிக்கு மேட்ச் முடிஞ்சு ரெக்ஸ்லின் எங்க பக்கம் பாத்துக் கையைத் தூக்கினான். ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அவன் அந்தப் பக்கம் திரும்பினதில்ல. மூணாவது வரிசையைத்தான் பாத்தான். நானும் மூணாவது வரிசைலதான் இருந்தேன். ஆனா அது டிரம்முக்குத் தூக்கின கை, அது எனக்குத் தெரியாதா?

நான் லெப்சாவைப் பாக்க ஆரம்பிச்சேன். கேட்டா சிரிப்பீங்க. மைதானத்துல மேட்ச் நடக்கும், நான் எதிர்ப்பக்கம் பெஞ்சைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். என் ஆள் அங்கதான இருக்கார்? தண்ணி பாட்டில் எடுத்துக் குடுப்பார், பந்து பொறுக்கிப் போடுவார், திரும்ப உக்காருவார். ஷைனிகூட ஒரு நாள், “எக்கா மேட்சு அங்கிட்டு நடக்கு”ன்னு சிரிச்சா.

பெஞ்சைப் பாத்ததாலதான் அது என் கண்ணுல பட்டுச்சு. வெயில் மேட்ச்னா நடுவுல தண்ணி குடிக்க நிறுத்துவாங்க இல்லையா, அப்ப ரெக்ஸ்லின் பெஞ்சுக்குப் பின்னாடி போவான். பிசியோ அவன் இடது முழங்கால்ல ஐஸ் பையை வெச்சு அழுத்துவார். லெப்சா எழுந்து ஒரு பெரிய டவலை உதறி விரிச்சுட்டு முன்னாடி நிப்பார். தலை துவட்டற மாதிரி. கேமராவுக்கோ, எதிர் டீமுக்கோ தெரியாது, பெஞ்சையே பாத்துட்டிருந்த எனக்கு டவல் விரியறதுக்குள்ள தெரிஞ்சுடும். ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு மேட்ச்லயும். அதுக்கப்புறம் ரெக்ஸ்லின் ஓடறதைப் பாத்தேன். நான் விலங்கியல் படிச்சவ. இடது காலை ஊனித் திரும்ப மாட்டேங்கறான். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துலகூட வலது பக்கமா ஒரு முழுச் சுத்து சுத்தித் திரும்பறான். அதுக்குள்ள விங்கர் தாண்டிப் போயிடறான்.

யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்ல முடியும்? இன்னொருத்தர் ஆளுக்கு சாதகமா பேசக் கூடாது, அது விதி. அதோட, என் ஆள் டவல் விரிச்சு மறைக்கறதை நானே எடுத்து விடறதா? இந்த வருஷத்தோட ரெக்ஸ்லினுக்கு ஒப்பந்தம் முடியுது. முழங்கால் போன லெஃப்ட் பேக்கை எந்த கிளப் எடுக்கும்?

தொடர்ந்து ரெண்டு மேட்ச்ல ரெக்ஸ்லின் மேலதான் தீர்ப்பு. ஷைனி விடாம வாதாடினா. கோச் மெனேசஸ் மேல பழி போட்டா, முன்னாடி ஆடற விங்கர் உதவிக்கு இறங்கி வரலன்னா, புல்லு சரியில்லன்னா. “புல்லுக்கு ஒரு வக்கீல் போட்ரலாமா?”ன்னு டோமினிக் அண்ணன் கேட்டார். ரெண்டாவது தீர்ப்பு அன்னிக்கு ஸ்டேஷனுக்கு வர்ற வழியில டிரம்மை இறக்கி வெச்சுட்டு என்கிட்ட கேட்டா.

“எக்கா, அவனுக்கு என்னமோ ஆயிருக்கு. எனக்குப் பிடிபடல. உங்க கண்ணுக்குத் தெரியாம இருக்காது. என்னன்னு சொல்லுங்க.”

“நான் லெப்சாவைத்தான் பாக்கறேன்”னேன்.

பொய் ஒண்ணும் இல்லையே? லெப்சாவைத்தான் பாத்தேன்.

இன்னிக்கு மேட்ச் கோவா டீம்கூட. கடைசிக்கு முந்தின மேட்ச். இடைவேளை வரைக்கும் கோல் இல்ல. அப்புறம் அவங்க விங்கர் ரெக்ஸ்லினைத் தாண்டி உள்ள வந்தான். ரெக்ஸ்லின் திரும்பினான் பாருங்க, அதே முழுச் சுத்து. அதுக்குள்ள நம்ம கீப்பர் வெளில பாஞ்சு வந்து அந்த விங்கரோட காலைப் பிடிச்சு இழுத்துட்டார். பெனால்டி. கீப்பருக்கு சிவப்பு அட்டை.

கீப்பர் வெளியில போனா பெஞ்சுல இருக்கற கீப்பர் வரணும். அதுக்கு ஆடிட்டிருக்கற ஒருத்தரை எடுக்கணும். வழக்கமா முன்னாடி ஆடறவரை எடுப்பாங்க. கோச் மூணாம் நம்பர் பலகையைத் தூக்கினார்.

ஸ்டாண்டு கை தட்டுச்சுங்க. நம்ம ஆளை எடுக்கறாங்கன்னு நம்ம ஸ்டாண்டே கை தட்டுச்சு. அவன் தலையைக் குனிஞ்சுட்டு நடந்து வந்தான். ஷைனி அடிக்கறதை நிறுத்திட்டா. கோட்டுகிட்ட லெப்சா நின்னுட்டிருந்தார். கை குலுக்கிட்டு உள்ள ஓடாம, அவன் தோள்ல டவலைப் போட்டுட்டு அப்புறம் ஓடினார்.

பெனால்டியைத் தடுத்துட்டாருங்க. என் ஆள். ரெண்டு வருஷம் கழிச்சு இறங்கி, முதல் பந்து பெனால்டி, வலது பக்கம் பாஞ்சு ஒத்தைக் கையால தள்ளிட்டார். நான் எழுந்து நின்னு கத்தினேனாம். பாஷா பாய் சொல்றார், எனக்கு ஞாபகம் இல்ல. ஷைனி பித்துப் பிடிச்ச மாதிரி அடிச்சா. அவ அடிச்ச அடிக்குத்தான் டீம் எழுந்துச்சு, கடைசியில நாம கோல் போட்டு ஜெயிச்சோம்னு அந்தப் பொண்ணுங்க பேசிக்கறாங்க. பெனால்டி தடுத்தது லெப்சா. அதைப் பத்தி யாராவது பேசறாங்களா பாருங்க.

டீக்கடைல கூடினோம். இது என் நாள். எனக்கே தெரிஞ்சுது.

“குழலி, இன்னிக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். உன் ஆள், உன் வாய்”னு வரதன் சார் சொல்லிட்டார்.

“பேசும்மா, பேசு. ஊரே காத்திருக்கு”ன்னார் டோமினிக் அண்ணன். கடைக்காரர் ஸ்டவ்வைக் குறைச்சார்.

எழுந்தேன். சொல்ல எல்லாம் இருந்துச்சு. பந்து அடிக்கறவன் இடுப்பைப் பாத்து லெப்சா எப்படி நின்னார், பெஞ்சுல உக்காந்தபடியே அவர் ஒவ்வொரு மேட்ச்லயும் எதிராளி கீப்பரோட காலையே எப்படிப் பாத்துட்டு இருப்பார், எல்லாம் மனசுல வரிசையா இருந்துச்சு. வாய் வரல. டம்ளரையே பாத்துட்டு நின்னேன்.

அப்ப அவ எழுந்தா. டிரம் தோள்ல அப்படியே தொங்குது. “எக்காவுக்குத் தொண்டை அடைச்சிட்டு. நான் பேசட்டா?”

“விதி கிடையாதும்மா. நீ மூணாம் நம்பர் வக்கீல்”னார் பாஷா பாய்.

“எனக்கு எதிரா எண்ணிக்கிடுங்க, பாய்.” ஆரம்பிச்சுட்டா. லெப்சா ரெண்டு வருஷம் பொறுமையா உக்காந்தது, யாரும் பாக்காதப்பவும் தயாரா இருந்தது, “அந்த மனுஷன எங்க குழலியக்கா ஒருத்திதான் சீசன் பூரா கண்ணெடுக்காம பாத்துட்டிருந்தா, அந்தப் பார்வைக்கு வந்த பலனாக்கும் இது”ன்னா. கடையில எல்லாரும் கை தட்டினாங்க. வரதன் சார் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ரெக்ஸ்லினைத்தான் எடுத்துக்கிட்டா. சரி. டிரம் எடுத்துக்கிட்டா. சரி. எனக்குன்னு மிச்சம் இருந்தது பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு மனுஷன். அவரையும் எடுத்துக்கிட்டா. என்னைவிட நல்லாப் பேசி எடுத்துக்கிட்டா.

அப்புறம் ரெக்ஸ்லின் விஷயம் வந்துச்சு. “அவனுக்கு உடம்புக்கு என்னமோ இருக்கு”ன்னு மட்டும் சொன்னா.

“என்ன இருக்கு? சொல்லு. ஆதாரம் வேணும்ல?”ன்னார் டோமினிக் அண்ணன். “கீப்பர் சிவப்பு அட்டை வாங்கினதே இவனால. கோச்சே வெறுத்துப்போய் இவனைத்தானே தூக்கினான்? மூணாவது தீர்ப்பு. நானே தட்டி எழுதறேன். ‘மூணு போதும்’னு. சின்னதா, அழகா.”

அவ சுத்திப் பாத்தா. ஒவ்வொருத்தர் முகமா பாத்துட்டு வந்து, அவ பார்வை என் மேல நின்னுச்சு.

“சரி, மூணாம் நம்பர்தான் மோசம்ங்கறவங்க கை தூக்குங்க”ன்னார் பாஷா பாய்.

முதல் கை டோமினிக் அண்ணனோடது. மத்தவங்க டீ டம்ளரை வலது கையிலேருந்து இடது கைக்கு மாத்திட்டு இருந்தாங்க. நான் டம்ளரைப் பெஞ்சு மேல வெச்சேன், ஷைனிகிட்ட போனேன், அவ தோள்லேருந்து டிரம் வாரைக் கழட்டி என் தோள்ல மாட்டிக்கிட்டேன்.